பன்னிரண்டு மட்டும் வேணாங்க

பாப்பா,

இங்கே நானும் உன் அப்பாவும் ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொள்ளும் அளவுக்குத் தெம்பாகவே இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் அதே தெம்போடு இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசாமல் இதென்ன கடிதம் என்று கேட்பாய். போனில் நான் முக்கியமான இடத்துக்கு வரும்போதெல்லாம் நீ "ஒரு நிமிஷம்மா, இன்னொரு கால் வருது" என்கிறாய். உன் அப்பா கையில் போன் போனால் பேச்சு நேராகத் தென்னைக்கு வந்த வெள்ளை ஈக்குப் போய்விடுகிறது. ஐந்து வருஷம் பேரூராட்சி உறுப்பினராக இருந்தவள் நான். குறுக்கே யாரும் பேசாமல் ஒரு விஷயத்தைச் சொல்லி முடிக்க வேண்டுமென்றால் எழுத்தில்தான் கொடுக்க வேண்டும் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். நான்கே நாளில் உன் கையில் இருக்கும் என்று பேராவூரணி கூரியர்க்காரர் அடித்துச் சொல்கிறார். உன் ஓட்டெடுப்பு அடுத்த வியாழக்கிழமை. அதற்கு முன்னால் நீ இதைப் படித்தாக வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் பேச்சைத் தமிழில் எனக்கு வாசித்துக் காட்டினாய். அந்த வெளிநாட்டில் நீ உறுப்பினராக இருக்கிற ஊர் கவுன்சிலில் சண்டையை நிறுத்தச் சொல்லி ஒரு தீர்மானம் வருகிறது, உன் கட்சி அதை எதிர்த்து ஓட்டுப் போடச் சொல்லிவிட்டது, நீ ஆதரித்துப் போடப்போகிறாய், போட்டால் கட்சியை விட்டு எடுத்துவிடுவார்கள். இவ்வளவும் எனக்குப் புரிந்தது. அதன் பிறகு ஒரு வரி வாசித்தாய். "என் அம்மா காவிரியின் கடைமடையில் ஒரு சின்ன ஊர்க் கவுன்சிலர். தன் கட்சி ஒரு போரை ஆதரித்தபோது தன்னந்தனியாக எழுந்து மறுத்தார். கடைசிவரை பணியவில்லை. நான் அவருடைய மகள்." எனக்குக் குரல் அடைத்துவிட்டது. பெருமையில் அடைத்தது என்று நினைத்து நீயும் மூக்கை உறிஞ்சினாய். அது பெருமை இல்லை, பாப்பா. திருட்டு முழி முழிப்பவளுக்குத் தொண்டையும் அடைக்கும் என்பது உனக்குத் தெரியாது. கூடவே அன்றைக்கு நான் மறுத்த எங்கள் பேரூராட்சித் தீர்மானத்தின் நகல் ஒன்று வேண்டும், அவையில் தூக்கிக் காட்டவேண்டும் என்று கேட்டாய். வாங்கிவிட்டேன். உறைக்குள் மடித்து வைத்திருக்கிறேன். இப்போதே எடுத்துப் பார்க்காதே, முதலில் இதைப் படி.

நான் அரசியலுக்கு வந்தது நாட்டுக்கு நல்லது செய்ய அல்ல. எட்டாவது வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள், அதனால் வந்தேன். உன் பெரியப்பாதான் வார்டில் கட்சிச் செயலாளர். ஒதுக்கீடு வருவதற்கு முன்பே போஸ்டர் அடித்துவிட்டார். அப்புறம் அச்சகத்துக்குப் போய், முகத்தை அப்படியே விட்டுவிட்டுப் பெயரை மட்டும் மாற்ற முடியுமா என்று கேட்டாராம். உன் பெரியம்மா நிற்கமாட்டேன் என்றுவிட்டாள். இரண்டு கறவை மாடு அவளுக்கு எந்தக் கட்சியையும்விடப் பெரிய பொறுப்பு. புருஷன் குவைத்தில் தண்ணீர் லாரி ஓட்டுகிறான், வீட்டில் எதிர்த்துப் பேச ஆளில்லை, சொன்னதைக் கேட்பாள் என்று என்னை நிறுத்தினார்கள். ஜெயித்த பிறகு முதல் இரண்டு கூட்டத்துக்கு என் நாற்காலியில் பெரியப்பாதான் உட்கார்ந்தார். நான் வெளியே பெஞ்சில் என் பெயர் போட்ட அழைப்பு நோட்டீஸோடு உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது கூட்டத்துக்கு அவர் வரவில்லை. உள்ளே ஒன்றுமே நடப்பதில்லை என்று கண்டுபிடித்துவிட்டார்.

நிஜமாகவே ஒன்றும் நடக்காது. எழுத்தர் பொருள் எண்களை மட்டும் வாசிப்பார். சேர்மன் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, "ஒண்ணுலேருந்து கடைசி வரைக்கும் ஆல்பாஸா?" என்பார். பதினைந்து பேரும் மேஜையைத் தட்டுவோம். ஆல்பாஸ். உடனே டீயும் உளுந்து வடையும் வரும். வடை கையில் இருக்கும்போது தீர்மானப் புத்தகம் சுற்றி வரும், எண்ணெய் விரலோடு கையெழுத்துப் போடுவோம். பல நாள் அந்தப் பக்கத்தில் ஒரு எழுத்துக்கூட இருக்காது. "நீங்க போட்டுட்டுப் போங்கம்மா, நான் அப்புறம் எழுதிக்கிறேன்" என்பார் எழுத்தர். வெறும் பக்கத்தின் அடியில் பதினைந்து கையெழுத்து, மேலே நாளைக்கு வரப்போகிற தீர்மானம். இதில் யாருக்கும் எந்தக் கூச்சமும் கிடையாது. கூட்டம் எவ்வளவு நேரம் நடந்தது என்பதை வடையின் சூட்டை வைத்துச் சொல்லிவிடலாம். அதுவரை வடை ஆறினதாகச் சரித்திரமே இல்லை.

வெளியுறவுக் கொள்கை என்று எங்கள் பேரூராட்சிக்கு இருந்தது ஒன்றே ஒன்றுதான். கர்நாடகம் தண்ணீர் விட வேண்டும். வருஷா வருஷம் அதற்கொரு தீர்மானம் போட்டு அனுப்புவோம், அவர்களும் வருஷா வருஷம் அதைப் படிக்காமல் இருப்பார்கள். அந்த வருஷம்தான் கடல் தாண்டினோம். ஈராக்கில் சண்டை, உனக்கு ஞாபகம் இருக்கும். டெல்லியில் இரண்டு மந்திரி பதவியை எதிர்பார்த்துக்கொண்டிருந்த எங்கள் தலைவர், நம் பட்டாளத்தையும் அங்கே அனுப்பலாம் என்று அறிக்கை விட்டுவிட்டார். அதை வரவேற்றுக் கட்சி கையில் இருக்கிற எல்லா ஊராட்சியும் பேரூராட்சியும் தீர்மானம் போட வேண்டும் என்று மாவட்டச் செயலாளரிடமிருந்து ஃபேக்ஸ் வந்தது. ஃபேக்ஸ் மெஷின் சேர்மனின் தேங்காய் மண்டியில்தான் இருந்தது. தேங்காய் விலையோடு ஈராக்கும் சேர்ந்து ஒரே சுருளில் வந்ததாகச் சொன்னார்கள். அது பொருள் எண் பன்னிரண்டு. பதினொன்று, சுடுகாட்டு ரோட்டுக்கு டியூப்லைட். பதின்மூன்று, எட்டாவது வார்டில் பள்ளிக்கூடத்துச் சாக்கடையைத் தூர்வாரி மேலே பலகைக்கல் போடுவது. இரண்டு வருஷமாக நான் கெஞ்சிக் கூத்தாடிப் பட்டியலில் ஏற்றிய சாக்கடை அது.

இப்போது உன் அப்பாவின் மீசைக்கு வரவேண்டும். நீ அப்போது நாமக்கல் பக்கம் ஹாஸ்டலில் ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாய். அதற்கடுத்த லீவில் அப்பா மீசை இல்லாமல் வந்து இறங்கியதும், இது என் அப்பாவே இல்லை என்று நீ அழுதாய். ஸ்டைலுக்கு எடுத்தேன் என்று உன்னிடம் சொன்னார். உண்மை என்னவென்றால், குவைத்தில் குண்டு விழும் என்று எல்லோருக்கும் முகமூடி கொடுத்திருக்கிறார்கள். விஷப்புகை வந்தால் மாட்டிக்கொள்கிற முகமூடி. இவருடைய மீசை கன்னத்தைத் தாண்டி நிற்கும் அல்லவா, முகமூடி முகத்தோடு ஒட்டவில்லை. எடுத்துவிடு என்று சூப்பர்வைசர் சொல்லியிருக்கிறார். இவர் மாட்டேன் என்று ஒன்பது நாள் அடம்பிடித்திருக்கிறார். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை போனில் எனக்கு மீசை நிலவரம்தான். ஒருநாள் பேசிக்கொண்டே இருக்கும்போது பின்னால் சைரன் ஊளையிடுகிற சத்தம் கேட்டது. "வைக்கிறேன்" என்று வைத்துவிட்டார். அடுத்த போன் வர இரண்டு மணி நேரம் ஆனது. அந்த இரண்டு மணி நேரமும் நான் ரிசீவர் பக்கத்திலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். மறுபடி பேசியபோது, "எடுத்துட்டேன்" என்றார். மீசையைத்தான் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது. நான் அழுதேன். மீசைக்குப் போய் அழுகிறாயே என்று அவர் திட்டினார்.

இந்த மனதோடுதான் அந்த வியாழக்கிழமை கூட்டத்துக்குப் போனேன். போகும்போதுகூட எதிர்க்க வேண்டும் என்று நினைக்கவில்லை, சத்தியமாக. சேர்மன் கண்ணாடியைக் கழற்றினார். "ஒண்ணுலேருந்து பதினாலு வரைக்கும் ஆல்பாஸா?" என்றார். எல்லோரும் தட்ட ஆரம்பித்தார்கள். என் கையும் மேஜைக்குப் போனது. அங்கேயே நின்றுவிட்டது. "பன்னிரண்டு மட்டும் வேணாங்க" என்றேன். என் குரல்தானா என்று நானே திரும்பிப் பார்த்தேன்.

"என்னம்மா வேணாம்?" என்றார் சேர்மன்.

"பன்னெண்டுங்க. பட்டாளம் அனுப்புறது."

"ஏம்மா, அது சண்டைம்மா. சாக்கடை இல்ல. அதப்பத்தி உனக்கு என்ன தெரியும்?"

"சாக்கடையப்பத்தி ரெண்டு வருஷமா தெரியும்ங்க. சண்டையப்பத்தி வாராவாரம் போன்ல தெரியும். அனுப்புங்கன்னு சொல்றோமே, இங்க இருக்கிற பதினஞ்சு வீட்டுலேருந்து ஒரு ஆளு போறாங்களா? சொல்லுங்க, நானும் தட்டுறேன்."

எல்லோரும் வடை வருகிறதா என்று வாசலைப் பார்த்தார்கள். செயல் அலுவலர் தொண்டையைச் செருமி, ஒன்றை மட்டும் தனியாகப் பிரித்து எதிர்க்க விதியில் இடம் உண்டா என்று பார்க்க வேண்டும், விதிப்புத்தகம் பீரோவில் இருக்கிறது, பீரோ சாவி வைத்திருப்பவர் லீவு என்றார். நாலாவது வார்டு பாய், மளிகைக்கடை வைத்திருப்பவர், எதிர்க்கட்சி. அவர் என்னை ஆதரிப்பார் என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் எழுந்து, "தங்கச்சி சொல்றது நியாயந்தான். ஆனா எங்க தலைமையிலேருந்து இன்னும் ஃபேக்ஸ் வரல. வர்ற வரைக்கும் நான் நடுநிலைங்க" என்று உட்கார்ந்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்த அவர் கட்சிக்காரர் இருவர் மட்டும் வேண்டுமென்றே என் பேச்சுக்கு மேஜையைத் தட்டினார்கள். அதுதான் வினையாகப் போயிற்று. எதிர்க்கட்சி கைதட்டிவிட்டால் நீ சொன்னது சரியா தப்பா என்பதே போய்விடும், நீ யாருடைய ஆள் என்பதுதான் மிச்சம் நிற்கும். உன் ஊரிலும் அப்படித்தான் இருக்கும், பார்த்துக்கொள். ஐம்பது நிமிஷம் நடந்தது அந்தக் கூட்டம். எட்டுப் பேர் என்னைத் திட்டினார்கள், இரண்டு பேர் சமாதானம் சொன்னார்கள், ஒருவர் தூங்கினார். கடைசியில் எல்லாவற்றையும் ஒத்திவைத்துவிட்டு சேர்மன் எழுந்து போனார். வடை ஆறி ரப்பராகிவிட்டது. நான் இரண்டு வடை தின்றேன். அவ்வளவு பசி எனக்கு அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வந்ததில்லை.

மறுநாள் பேப்பரில் மாவட்டப் பக்கத்தின் அடியில் ஒரு துண்டுச் செய்தி: தலைமையை எதிர்த்துப் பெண் கவுன்சிலர் போர்க்கொடி. போர் வேண்டாம் என்று சொன்னவளுக்குப் போர்க்கொடி. அதைக் கையில் வைத்துக்கொண்டு உன் அப்பாவின் வெள்ளிக்கிழமை போனுக்குக் காத்திருந்தேன். மணி அடித்ததும் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

"யாரைக் கேட்டுச் சொன்ன?" என்றார்.

"உங்களுக்காகத்தாங்க. மாஸ்க்கெல்லாம் மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கீங்களே."

"அடி போடி இவளே. எங்க கம்பெனி இப்ப அந்தப் பட்டாளத்துக்குத்தான் தண்ணி ஓட்டுது. வந்து இத்தனை வருஷத்துல இப்பதான் டபுள் ஓவர்டைம் பாக்குறேன். நீ அங்க உக்காந்துக்கிட்டு வேணாம்னா நான் இங்க என்ன பண்றது?"

"அப்ப மாஸ்க்கு?"

"மாஸ்க்கும் இருக்கு, ஓவர்டைமும் இருக்கு. நீ போயி சாக்கடையப் பாரு."

எங்கள் பேரூராட்சியில் நான் சொன்னது குவைத் முதலாளி காதுக்குப் போய் வேலைக்கு உலை வைத்துவிடும் என்று அந்த மனிதர் உண்மையிலேயே பயந்தார். சிரிக்காதே. நானும் பாதி பயந்தேன். இப்போது நாங்கள் படுத்துறங்குகிற மாடி அந்த ஓவர்டைமில் எழும்பியது. உன் இன்ஜினியரிங் ஃபீஸும் அதில்தான் கட்டினோம். அந்தப் படிப்பில்தான் நீ விமானம் ஏறினாய், அந்த ஊருக்குப் போனாய், கவுன்சிலர் ஆனாய். வேண்டாம் என்று நான் எதிர்த்த சண்டைதான் உன்னை அங்கே கொண்டுபோய் உட்கார வைத்திருக்கிறது. இதை உன்னிடம் எப்படிச் சொல்வது என்று இத்தனை வருஷம் எனக்குத் தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை, ஆனாலும் சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் ஹாஸ்டலில் பெற்றோர் பார்க்கும் நாள். புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு வந்தேன். நீ வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, இங்கே இருக்கமாட்டேன், என்னைக் கூட்டிக்கொண்டு போ என்று ஒரே அழுகை. உனக்குத் தைரியம் சொல்ல வேண்டும் என்றுதான் பேப்பர்த் துண்டைக் காட்டி அந்தக் கதையைச் சொன்னேன். கொஞ்சம் உப்பு, காரம் கூட்டியே சொன்னேன். சேர்மன் நடுங்கிப்போனார் என்றேன். அவர் நடுங்கவெல்லாம் இல்லை, கண்ணாடியைத் தேடினார். நீ கண்ணைத் துடைத்துக்கொண்டு மூன்று உருண்டை அதிகமாகச் சாப்பிட்டாய். அன்றைக்கு நான் சொன்னதில் பொய் இல்லை, பாப்பா. அன்றுவரை நடந்தது அவ்வளவுதான். மிச்சம் மறுநாள் நடந்தது.

நடுவில் சனிக்கிழமை ஒரு கோடை மழை. அரை மணி நேரம்தான் பெய்தது. எட்டாவது வார்டுச் சாக்கடை பொங்கிப் பள்ளிக்கூட வாசலில் முழங்கால் அளவு நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நான் ஊர் திரும்பும்போது வாசலில் பத்துப் பதினைந்து பேர். ஒருவர்கூட ஈராக்கைப் பற்றிக் கேட்கவில்லை. "நீ ஒருத்தி வேணாம்னதால பதினாலும் நின்னுபோச்சாமே, உண்மையா?" என்றாள் எதிர்வீட்டு ராஜாத்தி. அவளுடைய சின்ன மகள் அந்தத் தண்ணீரில் வழுக்கி விழுந்து முட்டியில் பெரிய கட்டோடு நின்றது. நான் குனிந்து அந்தக் கட்டைத் தொட்டுப் பார்த்தேன். உன் பெரியப்பா மட்டும், வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல், "என் கட்சிப் பதவிக்கே ஓலை வரப்போவுது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை மதியம் சேர்மன் வந்தார். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன், கதை வேறு மாதிரி ஆகியிருக்கும். அவர் அமைதியாக உட்கார்ந்து மோர் வாங்கிக் குடித்தார். "எனக்கும் அந்தச் சண்டைக்கும் என்னம்மா இருக்கு? தேங்கா வெலை ஏறுனா போதும். மாவட்டத்துலேருந்து நாளைக்குள்ள அனுப்புன்னு உயிரை எடுக்குறாங்க. நீ ஒரு கையெழுத்துப் போடு, நாளைக்குக் காலையில உன் சாக்கடையில ஆள் இறங்கும்" என்றார். கூட வந்த எழுத்தர் துணிப்பையிலிருந்து தீர்மானப் புத்தகத்தை எடுத்து விரித்தார். வெறும் பக்கம். அடியில் ஏற்கெனவே பதினான்கு கையெழுத்து. பாய் கையெழுத்தும் இருந்தது. அவர் தலைமையிலிருந்து ஃபேக்ஸ் வந்துவிட்டது போலிருக்கிறது.

"பன்னெண்டுல நான் எதிர்த்தேன்னு ஒரு வரி எழுதுவீங்களா?" என்று கேட்டேன்.

"எழுதிட்டாப் போச்சு. அதுக்கென்ன" என்றார் சேர்மன்.

போட்டுவிட்டேன். வியாழக்கிழமை சொன்ன "வேணாங்க" திங்கட்கிழமை மதியம் வரைதான் தாங்கியது. மறுநாள் காலை ஆறு மணிக்கே சாக்கடையில் ஆள் இறங்கிவிட்டது, அந்த வார்த்தையை அவர் காப்பாற்றினார். ராஜாத்தி எனக்குக் கொழுக்கட்டை கொண்டுவந்து கொடுத்தாள். அதன் பிறகு உன்னிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நினைப்பேன். நீ உன் தோழிகளிடம் என்னைக் காட்டி, "எங்கம்மாதான் அது" என்பாய். எப்படிச் சொல்வது? கல்லூரி, வேலை, கல்யாணம், விமானம் என்று வருஷம் ஓடிவிட்டது. கதையின் மறுபாதி மட்டும் என்னிடமே தங்கிவிட்டது. அடுத்த தேர்தலில் கட்சி எனக்கு இடம் தரவில்லை என்பதை மட்டும் உன்னிடம் சொன்னேன். அதை நீ என் தியாகத்தில் சேர்த்துக்கொண்டாய்.

போன திங்கட்கிழமை நகல் கேட்டுப் பேரூராட்சி அலுவலகத்துக்குப் போனேன். இப்போது அங்கே கம்ப்யூட்டரும் ஒரு சின்னப் பெண்ணும் இருக்கிறார்கள். மனு கொடு, கோர்ட் ஸ்டாம்ப் வில்லை ஒட்டு என்று இரண்டு நாள் அலைந்த பிறகு, கரையான் ஓரம் தின்ற புத்தகத்தை அந்தப் பெண்ணே தூசி தட்டிக் கொண்டுவந்தது. பொருள் எண் பன்னிரண்டை விரலால் தொட்டுச் சத்தமாக வாசித்தது. "நம் படைகளை அனுப்ப வலியுறுத்திய தலைவர் அவர்களின் அறிக்கையை இம்மன்றம் ஏகமனதாக வரவேற்கிறது. முன்மொழிந்தவர், எட்டாவது வார்டு உறுப்பினர்." நிமிர்ந்து பார்த்து, "நீங்கதானேம்மா அது?" என்று கேட்டது. எதிர்த்தேன் என்று எழுதச் சொன்னேன், பாப்பா. மாவட்டத்தைக் குளிர வைக்க என்னையே முன்மொழிய வைத்திருக்கிறார்கள். வெறும் பக்கத்தில் கையெழுத்துப் போட்டவள் யாரைப் போய்க் கேட்பது? சேர்மனும் போய்ச் சேர்ந்துவிட்டார். பழையபடி வெளியே அதே பெஞ்சில் வந்து உட்கார்ந்தேன். முதலில் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தேன், பார்த்தால் முந்தானை நனைந்திருக்கிறது. அப்படியே பாய் கடைக்குப் போய், "நீங்களாவது எனக்குச் சாட்சி சொல்வீங்களா?" என்று கேட்டேன். எண்பதைத் தொடப்போகிற மனிதர், தராசை விட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். "கண்டிப்பா சொல்றேன் தங்கச்சி. தலைமையிலேருந்து ஃபேக்ஸ் வரட்டும்" என்றார். இரண்டு பேரும் கடையே அதிரும்படி சிரித்தோம்.

வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் நகலை நீட்டினேன். இரண்டு தடவை வாசித்தார். மாடிக்குப் போய்ப் பரணில் ஏறினார். அந்த முகமூடி உனக்குத் தெரியும், மிளகாய் வறுக்கும்போது நான் மாட்டிக்கொண்டு உன்னைப் பயமுறுத்துவேனே, அதன் பையோடு இறங்கி வந்தார். பையின் உள்பக்க மடிப்பிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். எண்ணெய் ஊறிக் கண்ணாடித்தாள் மாதிரி ஆகிவிட்ட பேப்பர்த் துண்டு. பெண் கவுன்சிலர் போர்க்கொடி. அவர் போனில் என்னைத் திட்டிய அடுத்த மாதம், லீவு முடிந்து குவைத்துக்குத் திரும்பிய ஒருவரிடம் எலுமிச்சை ஊறுகாய் கொடுத்தனுப்பினேன். பாட்டிலை அந்தப் பேப்பரில்தான் சுற்றினேன். வேண்டுமென்றேதான் சுற்றினேன், செய்தி வெளியே தெரிகிற மாதிரி. ஊறுகாய் நன்றாக இருந்தது என்று மட்டும் சொன்னார். பேப்பரைப் பார்த்தாரா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. "கேம்ப்ல எல்லாப் பயலுக்கும் காட்டினேன்" என்கிறார் இப்போது, இத்தனை வருஷம் கழித்து, வெள்ளை மீசையை நீவிக்கொண்டு. "அப்புறம் ஏங்க அன்னிக்கு என்னை அப்படித் திட்டுனீங்க?" என்றேன். "பயம்டி. குண்டு விழுந்துருமோன்னும் பயம், ஓவர்டைம் நின்னுருமோன்னும் பயம். உன்னைத் திட்டாம வேற யாரைத் திட்டுறது?" என்றார். அன்றைக்கு அந்தப் போனில் "நீ சொன்னது சரி" என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், திங்கட்கிழமை நான் அந்தப் பேனாவைத் தொட்டிருக்க மாட்டேன். அதை அவரிடமே சொன்னேன். தெரியும் என்றார். அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவரே தேங்காய் துருவிக் கொடுத்தார்.

ஆகவே, பாப்பா, வியாழக்கிழமை எந்தப் பக்கம் கையைத் தூக்கு என்று நான் சொல்லப்போவதில்லை. உனக்கு அந்தச் சண்டையில் தெரிந்தது எனக்குத் தெரியாது. எனக்கு என் சண்டை தெரிந்ததே ஒரு மீசையை வைத்துத்தான். ஆனால் என்னை நம்பித் தூக்காதே. "கடைசிவரை பணியவில்லை" என்ற வரியை அடித்துவிடு. என் கதையைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால், இந்த உறைக்குள் இரண்டு காகிதம் இருக்கிறது, முத்திரை குத்தியது ஒன்று, ஊறுகாய் எண்ணெய் படிந்தது ஒன்று. இரண்டையும் சேர்த்துத் தூக்கிக் காட்டு. வேண்டாம் என்றவளும் உன் அம்மாதான், முன்மொழிந்தவளும் உன் அம்மாதான்.

கூட்டத்தில் கை தூக்குவது ஒன்றும் பெரிய காரியமில்லை, அந்த நேரத்துக்கு எங்கிருந்தோ தெம்பு வந்துவிடும். அதற்கப்புறம் ஒரு திங்கட்கிழமை மதியம் வரும். உன் மேல் பிரியமாக இருக்கிற யாரோ ஒருவர், சத்தமே போடாமல், உன் ஊர்ச் சாக்கடையைக் கையில் வைத்துக்கொண்டு வந்து உட்காருவார். அன்றைக்கு எனக்கு போன் போட்டுப் பேச ஒரு ஆள் இல்லை. உனக்கு இருக்கிறேன். அவருக்கு மோர் கொடு, பிஸ்கட் கொடு, ஆனால் பேனாவைத் தொடுவதற்கு முன்னால் எனக்கு போன் போடு. இங்கே எந்நேரமாக இருந்தாலும் பரவாயில்லை. இன்னொரு கால் வருகிறது என்று நான் சொல்லமாட்டேன்.

உன் அம்மா,
முன்னாள் உறுப்பினர், எட்டாவது வார்டு.
(முழுவதும் படித்துப் பார்த்த பிறகு கையெழுத்திட்டேன்.)